மலைத்தோட்டங்களில் மின்சார எர்த்தும் விநியோகப் பலகையின் காவலும்

சேர்வராயன் மலையில் காப்பிச் செடி, 1820-களில் சேலம் ஜில்லா கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பவரால் புகுத்தப்பட்டது. பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரங்கள் நெடுங்காலம் கையாலும், பின்னர் எண்ணெய் எஞ்சின்களாலும் சுழற்றப்பட்டு வந்தன. மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய பின்னர் ஜில்லாவில் மின்சாரம் படிப்படியாகப் பரவிற்று. இன்று ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை முதலிய இடங்களில் பல்பரும், ஓடையிலிருந்து நீரேற்றும் பம்பும், லயன் வீடுகளின் விளக்குகளும் மின்சாரத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. இதனால் விளைந்த சௌகரியம் பெரிது. எனினும் பல்பர் சாலையைப்போல் மின்சார அபாயம் மிகுந்த இடம் தோட்டத்தில் வேறொன்று இல்லை. பழம் பறிக்கும் பருவத்தில் அதன் தரை முழுவதும் நீரும் பழச்சாறுமாய் இருக்கும். வேலை செய்வோரின் கைகள் நனைந்திருக்கும். கால்களில் பெரும்பாலும் செருப்பு இராது. இயந்திரமோ முற்றிலும் இரும்பு.

“எர்த் குழி வெட்டிக் குழாய் இறக்கியாயிற்று, இனிப் பயமில்லை” என்ற எண்ணம் தோட்டக்காரர்களிடையே வேரூன்றியிருக்கிறது. நஞ்சை நிலத்தில் இவ்வெண்ணம் ஓரளவுக்குப் பொருந்தும். மலையில் அது பொருந்தாது. பொருந்தாமைக்குக் காரணத்தைக் கணக்கோடு அறிந்துகொண்டால், விநியோகப் பலகையில் எதை வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

மோட்டாரின் உட்சுருளில் போர்த்தியுள்ள காப்பு, ஈரத்தாலோ சூட்டாலோ கெட்டுப்போகுமாயின், பேஸ் கம்பியின் மின்சாரம் இயந்திரத்தின் இரும்பு உடலுக்கு வந்துவிடும். அவ்வுடலைப் பூமியோடு ஒரு கம்பியால் இணைத்து வைப்பதே எர்த் என்பது. மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் முனையும் பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால், கெட்ட மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கி, மண் வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் ஓட்டம் பெரிதாயிருந்தால் பியூஸ் கம்பி உருகும்; அல்லது எம்.சி.பி. விழும், அபாயம் நீங்கும். ஓட்டம் பெரிதாவதும் சிறிதாவதும் வழியிலுள்ள மண்ணின் தடையைப் பொறுத்தது. எர்த் முறையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

மண்ணின் தடை இடத்துக்கு இடம் மாறும். ஈரமுள்ள களிமண் நிலத்தில் அது 30 ஓம்-மீட்டர் அளவில் இருக்கலாம். அங்கு 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள 3 மீட்டர் ஜி.ஐ. குழாயை நட்டால், ஏறக்குறைய 9 ஓம் தடை கிடைக்கும். 230 வோல்ட்டை 9-ஆல் வகுக்க 25 ஆம்பியர் வருகிறது. டிரான்ஸ்பார்மரின் எர்த் தடையையும் சேர்த்தால் இது சற்றுக் குறையும். எனினும் 10 ஆம்பியர் பியூஸ் சிறிது நேரத்தில் உருகிவிடும்.

இனி மலைக்கு வருவோம். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கரும்பாறையால் ஆனது. (கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வினத்தைச் சேர்ந்ததாகையால் பாறைக்கு அப்பெயர் வந்தது.) அதன் மேல் செந்நிற மண்ணும் சரளையும், உச்சிகளில் அலுமினியத் தாதுவாகிய பாக்சைட்டும் படிந்துள்ளன. மழையில் இம்மண் நீரைத் தேக்காமல் வடித்துவிடும்; மார்ச் மாதத்தில் முற்றும் உலர்ந்து கிடக்கும். இத்தகைய சரளை மண்ணின் தடையை 1000 ஓம்-மீட்டர் என்று கொள்வது மிகையாகாது. பாறையின் தடை அதனினும் பன்மடங்கு. 1000 ஓம்-மீட்டர் மண்ணில் அதே 3 மீட்டர்க் குழாய் தருவது 300 ஓம். 230-ஐ 300-ஆல் வகுத்தால் வருவது முக்கால் ஆம்பியருக்குச் சற்றே கூடுதல். பத்து ஆம்பியர் பியூஸ் இதனைப் பொருட்படுத்தாது. நாள் முழுவதும், மாதம் முழுவதும் அப்படியே இருக்கும். எம்.சி.பி.யின் நிலையும் இதுவே. ‘சி’ வகையைச் சேர்ந்த 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழுவது நிச்சயமாக வேண்டுமாயின் 160 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்குப் போய்த் திரும்பும் வழி முழுவதின் தடையும் ஒன்றரை ஓமுக்குள் அடங்க வேண்டும். மலையில் ஒரு குழாயைக் கொண்டு அதனைப் பெறலாம் என்று எண்ணுவது வீண்.

பியூஸ் போகாததோடு தொல்லை முடிவதில்லை. டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 10 ஓம் என்றும், தோட்டத்து எர்த்தின் தடை 300 ஓம் என்றும் வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 222 வோல்ட் தோட்டத்து எர்த்தின் மேலேயே நிற்கும். இப்போது எர்த் கம்பி எங்கெங்கு இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் இந்த 222 வோல்ட் போய்ச் சேரும். பழுதடைந்தது பம்பு மோட்டாராயிருக்க, பழுதில்லாத பல்பரின் உடலும், விநியோகப் பலகையின் இரும்புப் பெட்டியும், பங்களாவிலுள்ள குளிர்சாதனப் பெட்டியும் ஒருங்கே உயிர்பெற்றுவிடும். காக்கும்பொருட்டு இழுத்த கம்பியே அபாயத்தைத் தோட்டம் முழுவதும் பரப்பும் வாய்க்காலாகிறது. நனைந்த உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டால், அதனைத் தொட்டவர் உடலில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே பலருக்குப் பிடித்த பொருளை விட இயலாது கை இறுகிவிடும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் இருதயத்தின் துடிப்பே குலையக்கூடும்.

இப்படிப்பட்ட கசிவு மறைந்திருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. 300 ஓம் எர்த்தின் வழியே முக்கால் ஆம்பியர் இடைவிடாது கசியுமானால் நாளொன்றுக்கு 4 யூனிட்டுக்கு மேல் வீணாகும். ஓடையோரத்து ஈரமண்ணில் 30 ஓம் எர்த் இருந்து அங்கே கேபிள் பழுதானால், 7.7 ஆம்பியர் கசிந்து நாளொன்றுக்கு 42 யூனிட் போகும். அப்போதும் 10 ஆம்பியர் பியூஸ் உருகாது. வேலையில்லாத மாதத்தில் மின்கட்டணம் ஏறியிருந்தால், மீட்டரைக் குறை கூறுமுன் கேபிளைப் பரிசோதிப்பது நலம்.

எர்த் நல்லதா என்று பார்க்க, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நூறு வாட் குண்டு பல்பை எரியவிட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். பல்பு நன்றாய் எரிந்தால் எர்த் நன்றென்று எலெக்டிரீஷியன் சொல்லிப் போய்விடுவார். இச்சோதனையை நம்பலாகாது. அந்தப் பல்பின் தடையே 500 ஓமுக்கு மேற்பட்டது. ஆகவே 30 ஓம் எர்த்திலும் அதற்கு 218 வோல்ட் கிடைத்துப் பிரகாசமாகவே எரியும். பியூஸை உருக்க அந்த எர்த் உதவுமா என்பதைப் பல்பு சொல்லாது. எர்த் 300 ஓமாயிருந்தாலோ, பல்பு மங்கலாய் எரியும் அவ்வேளையில் இயந்திரங்களின் உடலில் 80 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். வேறோரிடத்தில் ஒருவர் பல்பரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அச்சோதனையே அவருக்கு ஆபத்து. எர்த்தை எர்த் மெக்கர் கருவியால் அளந்து, எத்தனை ஓம் என்று எண்ணாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவறான பரிகாரங்களும் சில வழக்கத்தில் உள்ளன. அவற்றுள் மிகக் கொடியது, விநியோகப் பலகைக்குள் எர்த் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் ஒன்றாய் முறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் பழுது நேர்ந்தவுடன் பியூஸ் பட்டென்று போகும். பார்ப்பதற்குப் பெரிய வெற்றியாய்த் தோன்றும். ஆனால் மலைப்பாதையில் வரும் லயன் கம்பியின்மேல் காற்றில் சவுக்குமரக் கிளையொன்று விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? எரிந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு விளக்கின் வழியாகவும் பேஸ் மின்சாரம் நியூட்ரலுக்கு வந்து, அங்கிருந்து எர்த்துக்குத் தாவி, எந்த இயந்திரமும் பழுதாகாமலே எல்லா இரும்பிலும் ஏறிவிடும். இந்த இணைப்பைச் சந்தாதாரர் தம் பலகையில் ஒருக்காலும் செய்யலாகாது. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இக்காலத்துக்கு ஏற்றதன்று. இரும்புக் குழாயின் நடுவே ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய் போட்டு ஒட்டியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துபோம்.

மலைக்கு உரிய பரிகாரம் கசிவுத் துண்டிப்பான் என்னும் கருவியே. கடைகளில் இது ஆர்.சி.சி.பி. எனப்படும், பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்று சொல்வாரும் உளர். இதன் தத்துவம் எளிது. பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒரே காந்த வளையத்தின் ஊடே செல்கின்றன. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால் வளையத்தில் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். போனதில் ஒரு சிறு பகுதி மண் வழியாகவோ மனிதர் வழியாகவோ வேறு பாதையில் நழுவினால் கணக்கு ஒவ்வாமற் போய், வளையத்தில் காந்தம் பிறந்து, சுவிட்சைத் தள்ளிவிடும். பண்டசாலைக் கணக்கர் வந்த மூட்டையையும் போன மூட்டையையும் ஒத்துப் பார்ப்பது போன்றதே இது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் பொருட்டு 1950-களில் இவ்வகைக் கருவிகள் ஆராயப்பட்டன. கை இறுகும் மின்னோட்டத்தின் அளவை ஆராய்ந்தவராகிய அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் 1961-இல் மிக நுண்ணிய கசிவுக்கும் விழும் கருவியை அமைத்தார். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகள் இதனை வற்புறுத்தின. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

முப்பது மில்லி ஆம்பியர்க் கருவிக்கு முன்சொன்ன 300 ஓம் எர்த் ஒரு குறையே அன்று. அந்த எர்த்தில் முக்கால் ஆம்பியர், அதாவது 750 மில்லி ஆம்பியருக்கு மேல், ஓடும் என்று கண்டோம். முப்பதுக்கே விழும் கருவி இதற்குக் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். 150 மில்லி ஆம்பியர் கசிவில் 40 மில்லி செகண்டுக்குள், அதாவது ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், அது துண்டிக்க வேண்டும் என்பது விதி. கருவியின் அளவாகிய 30 மில்லி ஆம்பியரை 300 ஓமால் பெருக்க 9 வோல்ட் வருகிறது. கருவி விழாமல் இயந்திர உடலில் நிற்கக்கூடிய மின்னழுத்தம் இவ்வளவே. ஈரமான இடங்களில் பொறுக்கத்தக்கது 25 வோல்ட் என்பர். அதனினும் இது மிகக் குறைவு.

கருவி வந்த பின் எர்த் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எர்த் இருந்தால், மோட்டாரில் காப்பு கெட்ட அக்கணமே கசிவு மண்ணுக்குப் பாய்ந்து, எவரும் தொடுவதற்கு முன்னரே கருவி விழும். எர்த் இல்லாவிடில் கசிவுக்கு வழியில்லாமல் இயந்திரம் உயிரோடு காத்திருக்கும். முதலில் தொடுபவர் உடலே வழியாகும். அவர் பெரும்பாலும் பிழைப்பார் எனினும், அதிர்ச்சியில் சுழலும் பல்பரின்மேல் விழமாட்டார் என்பதற்கு யார் உறுதி? ஆதலால் இரண்டும் வேண்டும்.

பலகையை அமைக்கும் முறையில் தோட்டக்காரர் பலர் சிக்கனம் பார்த்து ஒரே கருவியை மெயினில் வைத்துவிடுகின்றனர். லயன் வீடொன்றில் இஸ்திரிப் பெட்டி பழுதானால் பல்பரும் நின்று, பறித்த பழம் இரவு முழுவதும் கிடந்து புளித்துப்போகிறது. மேஸ்திரி சினந்து கருவியைத் தாண்டிக் கம்பியை நேரே இணைத்துவிடுகிறார். இவ்வாறு கருவி உயிரிழப்பதே மிகுதி. பல்பர் சாலைக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று, பங்களாவுக்கு ஒன்று, லயன் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒன்று என 30 மில்லி ஆம்பியர்க் கருவிகளைத் தனித்தனியே வைப்பதே முறை. மூன்று பேஸ் மோட்டாருக்கு நான்கு முனைக் கருவி வேண்டும். மெயினில் ஒன்று வைக்க விரும்பினால் அது சற்றுத் தாமதித்து விழும் ‘எஸ்’ வகையாக, 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் அளவுள்ளதாக இருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: 300 மில்லி ஆம்பியரை 300 ஓமால் பெருக்கினால் 90 வோல்ட், அது கொல்லக்கூடியது. ஆகையால் அக்கருவியை மட்டும் நம்பும் கேபிள்களுக்கு எர்த்தின் தடை 80 ஓமுக்குள் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் நியூட்ரலைத் தனிக்கட்டையில் பிரித்து வைக்க வேண்டும். இரண்டு பிரிவுகளின் நியூட்ரல் கலந்தால் காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும். கசிவுத் துண்டிப்பான் மிகுபாரத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. கூடவே வேண்டும்.

மலையில் எர்த்தின் தடையை எங்ஙனம் குறைப்பது? ஆழம் தேடிப் பாறையோடு போராடுவதில் பயனில்லை. ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தர விதி (முதலில் 1966-இல் வந்து 1987-லும் 2018-லும் திருத்தப்பட்டது) மண்ணுக்குக் கிடையாகப் புதைக்கும் பட்டையையும் அனுமதிக்கிறது. அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அகழி வெட்டி, 25 மில்லிமீட்டர் அகல ஜி.ஐ. பட்டையை நீளப் புதைப்பதே மலைத்தோட்டத்திற்கு ஏற்றது. ஆயிரம் ஓம்-மீட்டர் மண்ணிலும் 30 மீட்டர்ப் பட்டை 62 ஓம் தரும். அதே மண்ணில் குழாய் தந்தது 300 ஓம் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காப்பிக்குச் சரிவின் குறுக்கே வெட்டும் நீர்த்தேக்கக் குழிகளின் வரிசையை ஒட்டி இவ்வகழி சென்றால் ஈரமும் நீடிக்கும், தனிக் கூலியும் மிச்சம். சருகு மண்ணும் களிமண்ணும் இட்டுப் பட்டையைச் சுற்றி நன்றாய்க் கெட்டித்து மூட வேண்டும். கூழாங்கல்லைத் தள்ளி மூடினால் பட்டை காற்றில் தொங்குவதற்கு ஒப்பாகும். ஓடையருகே ஈரநிலம் உள்ளோர் அங்கே குழாயையும் நட்டு, இரண்டையும் 8-ஆம் நம்பர் ஜி.ஐ. கம்பியால் இணைத்துக்கொள்ளலாம். குழாய்கள் பல நடுவதாயின் ஒன்றுக்கொன்று அவற்றின் நீளத்தளவேனும் இடைவெளி வேண்டும். அருகருகே நட்ட இரண்டு ஒன்றின் வேலையையே செய்யும்.

உப்பும் கரியும் இடும் வழக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் அது உதவும். ஆண்டுக்கு 60 அங்குல அளவில் மழை பெய்யும் இம்மலையில் உப்பு ஓரிரு பருவங்களில் கரைந்து சரிவில் இறங்கிவிடும். போகும்போது இரும்பையும் அரித்துவிட்டுப் போகும். பெண்டோனைட் என்னும் களிமண்தூள் இதனினும் மேலானது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், இரும்பை அரிக்காது.

மூடுபனி காலத்தில் கருவி அடிக்கடி விழுகிறது என்பது பொதுவான புகார். முப்பது மில்லி ஆம்பியர்க் கருவி பதினைந்துக்கு மேல் எப்போதும் விழலாம். அதன் அமைப்பே அப்படி. நீண்ட பழைய கேபிள்களிலும், மரத்தூண்களில் திறந்து கிடக்கும் இணைப்புகளிலும் பனி இறங்கினால் சிறுசிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்து அவ்வளவை எட்டிவிடும். பிரிவுகளைத் தனித்தனியே நிறுத்திப் பார்த்து, எந்தப் பிரிவில் கசிவு மிகுதி என்று கண்டு, அவ்விணைப்பை நீர்புகாத பெட்டிக்குள் அடைப்பதே சிகிச்சை. கருவி விழுவது பெரும்பாலும் உண்மையான செய்தியாகவே இருக்கும்.

கருவியால் ஆகாதவையும் உண்டு. ஒருவர் ஒரு கையால் பேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பற்றினால் போனதும் வந்ததும் ஒத்திருக்குமாகையால் அது விழாது. மிளகு பறிக்கவும் சில்வர் ஓக் மரத்தின் கிளை கழிக்கவும் அலுமினிய ஏணியையும் அலுமினியக் கழியையும் தூக்கிச் செல்லும்போது மேலே செல்லும் மின்கம்பியில் பட்டால், தோட்டத்துப் பலகையிலுள்ள எந்தக் கருவியும் உதவாது. கம்பி செல்லும் வரிசையில் மூங்கில் ஏணியையே கொடுக்க வேண்டும், அதுவும் ஈரமில்லாததாக. விபத்து நேர்ந்தால் மெயினை அணைக்காமல் ஆளைத் தொடலாகாது. அணைத்த பின் மூச்சில்லையாயின் உடனே மார்பை அழுத்தி இருதயத்தை இயக்கும் சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும். சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டியிருப்பதால், இச்சிகிச்சையை மேஸ்திரியும் ரைட்டரும் முன்னரே கற்றிருப்பது அவசியம்.

கருவியின்மேல் உள்ள ‘டி’ என்னும் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். இப்பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் கருவி விழும். எர்த்தை ஆண்டுக்கு ஒருமுறை, மண் மிக உலர்ந்திருக்கும் மார்ச் மாதத்தில், பூமழைக்கு முன்னர் லைசென்ஸ் பெற்ற எலெக்டிரீஷியனைக் கொண்டு அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்த எண் நம்மை ஏமாற்றும். அளந்த ஓமையும் தேதியையும் விநியோகப் பலகையின் கதவின் உட்புறத்தில் எழுதி வைப்பது நல்லது. சென்ற ஆண்டைக் காட்டிலும் எண் வெகுவாய் ஏறியிருந்தால், முதலில் எர்த் கம்பியின் கிளாம்பை அவிழ்த்துத் துருவைச் சுரண்டி மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பாதிக் குறை அங்கேயே இருக்கும். பின்னும் குறையாவிடில் அகழியை மேலும் 15 மீட்டர் நீட்டினால் 62 ஓம் ஏறக்குறைய 44 ஓமாகும். இவ்வேலையைப் பல்பர் ஓடத் தொடங்கும் நவம்பருக்கு முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும்.